பாக்ஸிங் டே ஆட்டமா, ஜனவரி ஓய்வா: இங்கிலாந்து கால்பந்துக்கு எந்த இடைவேளை பொருந்தும்?

2019 டிசம்பர் 27 இரவு வுல்வ்ஸ் அணி மான்செஸ்டர் சிட்டியை 3-2 என்று வென்றது. 0-2 என்று பின்தங்கிய பிறகு எழுந்து வந்து வாங்கிய வெற்றி. ஆட்டம் முடியும்போது நம் ஊரில் விடியற்காலை மூன்று மணி. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம் 29-ஆம் தேதி அதே வுல்வ்ஸ், லிவர்பூலை எதிர்த்து ஆன்ஃபீல்டில் இறங்கியது. இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் 48 மணி நேரம்கூட இல்லை. 0-1 என்று தோற்றார்கள். யூரோப்பா லீக் என்ற ஐரோப்பிய கிளப் போட்டியின் தகுதிச் சுற்றுக்காக அந்த அணி ஜூலை 25-ஆம் தேதியே சீசனைத் தொடங்கியிருந்தது. டிசம்பர் கடைசியில் அந்தக் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் என்னோடு ஆட்டம் பார்க்கும் நண்பர்களிடையே இதே வாக்குவாதம்தான். "ஜெர்மனியில் குளிர்கால இடைவேளை விடுகிறார்கள், ஸ்பெயினில் விடுகிறார்கள், இங்கிலாந்துக்கு மட்டும் என்ன?" என்பது ஒரு பக்கம். "பாக்ஸிங் டே இல்லாத பிரிமியர் லீக் எதற்கு?" என்பது இன்னொரு பக்கம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-தான் பாக்ஸிங் டே. இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன: இடைவேளை கொடுத்தால் அந்த நாள்களில் நடக்க வேண்டிய ஆட்டங்கள் எங்கே போகும்? இந்தக் கட்டுரையில் ஐந்து வழிகளையும் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வீரர்களின் உடம்பு. காயம் குறைய வேண்டும்; சும்மா நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தால் போதாது.

இரண்டாவது மைதானத்துக்கு வரும் ரசிகர். டிவியில் பார்க்கும் நம்மைவிட, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளிரில் நிற்பவருக்கு இதில் உரிமை அதிகம்.

மூன்றாவது கீழ் டிவிஷன் கிளப்புகள். இங்கிலாந்தில் பிரிமியர் லீக்கின் 20 கிளப்புக்குக் கீழே இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கில் மூன்று டிவிஷன்கள், டிவிஷனுக்கு 24 கிளப். டிக்கெட் காசு வந்தால்தான் அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுக்க முடியும்.

நான்காவது யார் விலை கொடுப்பது. காலண்டரில் காலி இடம் தானாக முளைக்காது. யாரோ எதையோ விட்டால்தான் இடம் வரும்.

வானிலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 1962-63 குளிரில், எல்லா டிவிஷன் கிளப்புகளும் கலந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்றை முடிக்கவே 66 நாள் பிடித்தது, உண்மைதான். இன்று பிரிமியர் லீக் மைதானங்களில் புல்லுக்கு அடியில் வெப்பக் குழாய் இருக்கிறது. தவிர, இடைவேளை விட்டால் உறைபனியிலிருந்து தப்பிவிடலாம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக்கில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை இடைவேளை உண்டு. 2023-இல் அந்த இடைவேளை முடிந்த கையோடு, ஜனவரி 22-ஆம் தேதி செல்சி-லிவர்பூல் ஆட்டம் தரை உறைந்துபோய் ஆறாவது நிமிடத்திலேயே நிறுத்தப்பட்டது.

## காலண்டர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது

ஒரு பெரிய கிளப்பின் ஒரு வருடத்தைக் கூட்டிப் பார்ப்போம். லீக் 38. எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாவது சுற்றிலிருந்து இறுதி வரை 6. இன்னொரு உள்நாட்டுக் கோப்பையான லீக் கோப்பையில் அரையிறுதி இரண்டு ஆட்டமாக நடப்பதால் 6. ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல் முதற்கட்டமே 8 ஆட்டம். பிளே-ஆஃப் வழியாக இறுதி வரை போனால் 17. மொத்தம் 67. இதற்கு மேல் நாட்டு அணி ஆட்டங்கள். 2025 ஜூன், ஜூலையில் நடந்த 32 அணி கிளப் உலகக் கோப்பை தனி.

ஜெர்மனியில் 18 கிளப், 34 லீக் ஆட்டம், உள்நாட்டுக் கோப்பை ஒன்றே ஒன்று. பேயர்ன் மியூனிக்கின் டிசம்பர் விடுமுறையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

## வழி 1: இப்போது உள்ளபடியே விடுவது

2024-25 சீசனில் பிரிமியர் லீக் தனது குளிர்கால இடைவேளையைக் கைவிட்டது. பதிலுக்கு சீசனை ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நேரத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே குறைந்தது 60 மணி நேரம் இருக்கும் என்றும் உறுதி கொடுத்தது.

60 மணி நேரம் என்பது இரண்டரை நாள். வுல்வ்ஸுக்கு நடந்ததைவிட இது நல்லது, மறுக்க மாட்டேன். ஆனால் வாரம் இரண்டு ஆட்டம் என்று ஆகஸ்டிலிருந்து ஓடிவரும் வீரருக்கு இரண்டரை நாள் ஓய்வு அடுத்த ஆட்டத்துக்கு நிற்க மட்டுமே போதும். சேர்ந்துபோன களைப்பு அப்படியே உள்ளே கிடக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே காயம்தான். ஐரோப்பாவின் 56 அணிகளை ஏழு சீசன் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் மருத்துவரின் குழு செய்தது. குளிர்கால இடைவேளை இல்லாத அணிகள், இடைவேளை உள்ள அணிகளைவிட ஒரு சீசனுக்குச் சராசரியாக 303 வீரர்-நாள்களைக் கூடுதலாகக் காயத்தில் இழந்தன என்று அது கண்டது. இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 303 நாள் ஒரு வீரருக்கு இல்லை, ஓர் அணிக்கு. 25 பேர் கொண்ட அணி என்றால் ஆளுக்கு 12 நாள். இன்னொன்று, இடைவேளை இல்லாதவர்கள் இங்கிலாந்து அணிகள் என்பதால் அங்கே ஆட்டங்களும் அதிகம், ஆட்டத்தின் வேகமும் அதிகம். முழுப் பழியையும் இடைவேளை இல்லாததன் மேல் போட முடியாது. அப்படியும் ஆளுக்கு 12 நாள் என்பது ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஐரோப்பியப் போட்டிகளில் இல்லாத கிளப்புகளுக்கு. வாரம் ஒரு ஆட்டம் ஆடும் அணிக்கு டிசம்பர் நெரிசல் மூன்று வாரத் தொல்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் வாரம் அவர்களுக்கு அதைவிடப் பயன்படும்.

## வழி 2: ஜெர்மனி பாணி, கிறிஸ்துமஸுக்கு மூடிவிடுவது

டிசம்பர் 20, 22 வாக்கில் கடைசி ஆட்டம். ஜனவரி 10, 12 வாக்கில் மறுபடி தொடக்கம். ஜெர்மனியின் லீக்கான புண்டஸ்லிகா இப்போது ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஒருகாலத்தில் அங்கே ஆறு வாரம் விடுவார்கள். 2009-10-இல் அதைச் சுருக்கினார்கள். ஜெர்மனியிலேயே இடைவேளை சுருங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

உடம்புக்கு இதுதான் மிக நல்ல வழி. வீரர் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் கொண்டாடுவார், மூன்று வாரம் போட்டி இருக்காது, எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு.

ஆனால் இங்கிலாந்தில் இது பிடுங்கி எறிவது என்ன தெரியுமா? கிளப்புக்கும் கிளப்புக்கும் நடந்த முதல் கால்பந்து ஆட்டம் ஷெஃபீல்டும் ஹாலமும் மோதியது. நாள் 1860 டிசம்பர் 26. லீக் பிறந்த 1888-லும் பாக்ஸிங் டேயில் ஆட்டம் இருந்தது. 1950-களின் கடைசி வரை கிறிஸ்துமஸ் அன்றேகூட ஆடினார்கள். 1963 பாக்ஸிங் டேயில் முதல் டிவிஷனின் 10 ஆட்டங்களில் 66 கோல். ஃபுல்ஹாம் இப்ஸ்விச்சை 10-1 என்று அடித்தது அன்றைக்குத்தான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். அப்பா, தாத்தா, பேரன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து மைதானத்துக்குப் போகும் நாள் அது. நமக்குப் பொங்கல் எப்படியோ, அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மத்தியானம் அப்படி.

ரசிகர் பக்கத்தில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் பெரும்பாலான ரயில் ஓடாது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர் காரிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். அதற்குத் தீர்வு பக்கத்து ஊர் அணிகளை அன்று மோதவிடுவது. நாளையே எடுத்துவிடுவது தீர்வு ஆகாது.

மறைந்திருக்கும் செலவு: டிசம்பர் கடைசியில் எடுக்கும் மூன்று, நான்கு லீக் சுற்றுகள் மார்ச், ஏப்ரல் வாரநடுவில் போய் விழும். அங்கேதான் ஐரோப்பிய நாக்-அவுட் ஆட்டங்கள். ஓய்வெடுத்து மிச்சம் பிடித்ததை வசந்த காலத்தில் வட்டியோடு கட்டுவார்கள். லீக் 18 கிளப்பாகச் சுருங்கினால் மட்டுமே இது நல்ல வழி.

## வழி 3: ஸ்காட்லாந்து பாணி, பண்டிகைக்கு ஆடிவிட்டு ஜனவரியில் நிறுத்துவது

ஸ்காட்லாந்து 1998-99-இல் ஜனவரி இடைவேளையைத் தொடங்கி, சில வருடத்தில் விட்டுவிட்டு, 2016-17-இல் மறுபடி கொண்டுவந்தது. புத்தாண்டை ஒட்டி ஒரே ஊர் அணிகள் மோதும் டெர்பி முடிந்ததும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்துவதுதான் முறையாக இருந்தது. 2023-24-இல் ஜனவரி 2-க்குப் பிறகு லீக் நின்றது. அங்கேயும் ஐரோப்பியக் காலண்டர் பெருத்த பிறகு இதைக் காப்பாற்றுவது சிரமமாகிவிட்டது.

இங்கிலாந்தில் இதைச் செய்வதென்றால்: பாக்ஸிங் டே, புத்தாண்டு ஆட்டங்கள் இருக்கும். எஃப்.ஏ. கோப்பை மூன்றாவது சுற்றும் ஜனவரி தொடக்கத்தில் அதன் இடத்திலேயே இருக்கும். அது முடிந்ததும் 20 கிளப்புக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் விடுமுறை.

நான்கு அளவுகோலிலும் ஓரளவு தேறுவது இதுதான் என்பது என் கருத்து. ரசிகருக்குப் பண்டிகை போகாது. வீரருக்கு நெரிசல் முடிந்த உடனே ஓய்வு கிடைக்கும்; களைப்பு உச்சத்தில் இருக்கும்போது கிடைக்கும் ஓய்வு அது. கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கும் ஒரு லாபம் உண்டு. நாட்டு அணி ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் நிற்கும் வார இறுதியில், 2010 முதல் 'நான்-லீக் டே' என்று ஒன்று நடக்கிறது. பெரிய கிளப் ரசிகர்களை அன்று ஊர்ப்பக்கத்துச் சின்ன கிளப்புக்கு வரச் சொல்லி அழைப்பார்கள். ஜனவரியில் இரண்டு வார இறுதி பிரிமியர் லீக் இல்லை என்றால், அதே மாதிரி கூட்டமும் டிவி வெளிச்சமும் கீழே இறங்கும்.

இடைஞ்சல் ஐரோப்பா. சாம்பியன்ஸ் லீக் முதற்கட்டத்தின் கடைசி இரண்டு சுற்றுகள் இப்போது ஜனவரி வாரநடுவில். லீக் கோப்பை அரையிறுதியும் அதை ஒட்டியே வருகிறது. இந்த ஜனவரிச் சுவரில்தான் பழைய இடைவேளை மோதி உடைந்தது. சுவரில் ஒரு கல்லை எடுக்க முடியுமா என்பதற்குக் கீழே வருகிறேன்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவை யாரும் பேசுவதில்லை. இடைவேளை கிடைத்ததும் கிளப்புகள் வெயில் தேடி மார்பெல்லா, துபாய் என்று பறந்துவிடும். பயிற்சி முகாம் பரவாயில்லை; காசுக்காக நட்பு ஆட்டம் என்று ஆரம்பித்தால் எல்லாம் வீண். இடைவேளையில் ஆட்டம் கூடாது என்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும்.

## வழி 4: 2020-இல் செய்தது போல பாதிப் பாதியாக விடுவது

2018-இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் முதல் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு வார இறுதியில் ஏறத்தாழ பாதி ஆட்டம், அடுத்த வார இறுதியில் மீதி. ஒவ்வொரு கிளப்புக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் காலி, டிவிக்கு ஒரு வாரமும் காலி இல்லை. காகிதத்தில் அழகான ஏற்பாடு.

நடந்தது வேறு. லிவர்பூலுக்கு அந்த இடைவேளைக்குள்ளேயே ஷ்ரூஸ்பரியோடு எஃப்.ஏ. கோப்பை ரீப்ளே, அதாவது டிராவான ஆட்டத்தை மறுபடி ஆடுவது, வந்து விழுந்தது. பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் மூத்த வீரர்களை வரவழைக்கவில்லை, தானும் வரவில்லை. நீல் கிரிட்ச்லியின் பொறுப்பில் இளைஞர் அணி ஆடி 1-0 என்று ஜெயித்தது. சியாரா புயலில் மான்செஸ்டர் சிட்டி-வெஸ்ட் ஹாம் ஆட்டம் தள்ளிப்போனது. புதிய தேதியாக, இடைவேளைக்கு அடுத்த வாரநடுவில் அதைத் திணித்தார்கள். காலண்டரில் ஒரு நாள்கூட உபரி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கொரோனா வந்ததால் 2020-21-இல் இடைவேளை இல்லை. 2023-24 ஜனவரியில் பாதிப் பாதியாக மறுபடி விட்டார்கள். அதோடு சரி.

இதற்கு விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். இந்த இடைவேளைக்காக எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாவது சுற்றை வார இறுதியிலிருந்து வாரநடுவுக்குத் தள்ளினார்கள். 2024-25 முதல் முதல் சுற்றிலிருந்தே ரீப்ளே கிடையாது என்றார்கள். அதே சீசனில் இடைவேளையையும் எடுத்துவிட்டார்கள். சின்ன கிளப்புகள் ரீப்ளேயை இழந்தார்கள், வீரர்கள் ஓய்வையும் இழந்தார்கள், கிடைத்த நாள்கள் பெருத்துப்போன ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போயின.

ரீப்ளே என்றால் என்ன என்பதற்கு எக்ஸிட்டர் சிட்டி போதும். 2005 ஜனவரியில் அது லீக்குக்கு வெளியே இருந்த, ரசிகர்களே நடத்திய, கடனில் மூழ்கிய கிளப். ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0. சொந்த ஊர் ரீப்ளேயில் 0-2 என்று தோற்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டத்தின் வருமானம் கிளப்பைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது. முதல் இரண்டு சுற்றுகளில் பிரிமியர் லீக் கிளப்பே கிடையாது. அவர்கள் மூன்றாவது சுற்றில்தான் வருகிறார்கள். அந்த இரு சுற்றின் ரீப்ளேயை எடுத்ததால் எந்தப் பெரிய கிளப் வீரரின் காலும் ஓய்வு பெறவில்லை. இது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

## வழி 5: ஆட்டங்களையே குறைப்பது

1995-96-இல் பிரிமியர் லீக் 22-இலிருந்து 20 கிளப்பாகக் குறைந்தது. பிரான்ஸ் 2023-24-இல் 18 ஆக்கியது. இங்கிலாந்தும் 18-க்கு வந்தால் 34 ஆட்டம். நான்கு தேதி காலி. இடைவேளை பற்றிய சண்டையே முடிந்துவிடும்.

நடக்காது. இப்படி ஒரு மாற்றத்துக்கு 20 கிளப்பில் 14 ஓட்டு வேண்டும். அடுத்த வருடம் நாமே கீழே இறங்கிவிடுவோமோ என்று பயந்திருக்கும் கிளப், லீக்கில் இரண்டு நாற்காலியைக் குறைக்க ஏன் கை தூக்கும்? ஒவ்வொரு கிளப்புக்கும் சொந்த ஊர் ஆட்டம் இரண்டு போகும். 2025-29-க்கான உள்நாட்டு டிவி ஒப்பந்தமே 670 கோடி பவுண்ட். அதைப் பங்கு போடும் மேஜையில் ஆட்டங்களைக் குறைக்கும் பேச்சை எடுக்க யாரும் துணிய மாட்டார்கள்.

நடக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: லீக் கோப்பை அரையிறுதியை ஒரே ஆட்டமாக்குவது. 2020-21-இல் கொரோனா நெருக்கடியில் அப்படித்தான் நடத்தினார்கள், எந்தக் குறையும் வரவில்லை. அடுத்த வருடமே இரண்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள், வருமானத்துக்காக. அந்த வருமானம் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கும் போகிறது என்பதால், பறிபோகும் தொகையை பிரிமியர் லீக்தான் ஈடுகட்ட வேண்டும். ஓய்வு யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள் காசு கொடுப்பதுதான் முறை.

## ஒரே பார்வையில்

| வழி | வீரர் உடம்பு | மைதான ரசிகர் | கீழ் டிவிஷன் | விலை கொடுப்பவர் |
|---|---|---|---|---|
| 1. இப்போது உள்ளபடி | மோசம் | பண்டிகை ஆட்டம் உண்டு | மாற்றம் இல்லை | வீரர் |
| 2. கிறிஸ்துமஸ் மூடல் | மிக நன்று, ஏப்ரலில் நெரிசல் | பெரிய இழப்பு | அவர்கள் மட்டும் ஆடினால் லாபம் | ரசிகர் |
| 3. ஜனவரியில் முழு நிறுத்தம் | நன்று | இழப்பு இல்லை | கூட்டம் கூடும் | லீக் கோப்பை, டிவி |
| 4. பாதிப் பாதி | சுமார் | இழப்பு இல்லை | ரீப்ளே போயிற்று | சின்ன கிளப்புகள் |
| 5. 18 கிளப் லீக் | மிக நன்று | இரண்டு ஆட்டம் குறைவு | மேலே ஏறும் இடம் குறையும் | பிரிமியர் லீக் கிளப்புகள் |

## நாட்டு அணிக்கு உதவுமா

இடைவேளை வேண்டும் என்பவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் இது. லூயி வான் ஹால் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளராக இருந்தபோது, இங்கிலாந்து எதையும் ஜெயிக்காததற்கு இடைவேளை இல்லாததையே காரணமாகக் காட்டினார். நான் இந்த வாதத்தை நம்பவில்லை. 2020-21-இல் இடைவேளை இல்லை. அந்த சீசன் முடிந்து நடந்த யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இங்கிலாந்து இறுதி வரை போய் பெனால்டியில் தோற்றது. 2023-24-இல் இடைவேளை இருந்தது. அந்த யூரோவிலும் இறுதியில்தான் தோற்றது. 2024-இல் அணியின் இரண்டு பெரிய நட்சத்திரங்களான ஹாரி கேன் ஜெர்மனியிலும் ஜூட் பெல்லிங்ஹாம் ஸ்பெயினிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள், இருவருக்குமே கிறிஸ்துமஸ் விடுமுறை உண்டு. பெண்கள் அணி இடைவேளை உள்ள லீக்கிலிருந்து வந்து 2022, 2025 யூரோ இரண்டையும் வென்றதைக் காட்டலாம். ஆனால் அந்த லீக்கில் ஆட்டங்களும் மிகக் குறைவு. கோப்பைக்காக என்று இல்லை, உடம்புக்காக இடைவேளை கேட்டால் அதுவே போதுமான காரணம். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி வீரர் ரோட்ரி, இப்படியே போனால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரும் என்றார். சில நாளில் ஆர்சனலோடு ஆடும்போது அவர் முழங்கால் தசைநார் அறுந்தது.

## என் தேர்வு

மூன்றாவது வழி, இரண்டு நிபந்தனையோடு. லீக் கோப்பை அரையிறுதி ஒரே ஆட்டம். எஃப்.ஏ. கோப்பையின் முதல் இரண்டு சுற்றுகளுக்கு ரீப்ளே திரும்ப வர வேண்டும்.

சாம்பியன்ஸ் லீக்கில் இருக்கும் கிளப்புகளுக்கு ஜனவரியிலும் இரண்டு வாரநடு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கு முழு ஓய்வு கிடைக்காது. இரண்டு வார இறுதி காலி என்ற அளவில் நிற்கும். சனி, செவ்வாய், சனி என்று ஓடுவதற்குப் பதிலாக ஒரு செவ்வாயிலிருந்து அடுத்த செவ்வாய் வரை மூச்சு விடலாம். மற்ற கிளப்புகளுக்கு முழு இரண்டு வாரம்.

பிரிமியர் லீக்குக்கு அடுத்த டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கும் அதற்குக் கீழேயும் இடைவேளை வேண்டாம் என்றே நினைக்கிறேன். 46 ஆட்டத்தில் இரண்டு வாரம் நிறுத்தினால் அத்தனையும் வாரநடுவுக்குப் போகும், செவ்வாய் இரவுக் கூட்டம் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிகூட வராது, சம்பளமோ வாரம் தவறாமல் போயாக வேண்டும். அங்கே வீரர்களுக்கு வேண்டியது ஆள் பலம். மாற்றி ஆடவைக்க இன்னும் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க கிளப்பிடம் காசு இருக்க வேண்டும்.

2025 பாக்ஸிங் டேயில் பிரிமியர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான்: மான்செஸ்டர் யுனைடெட்டும் நியூகாசிலும். வார இறுதிச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் காப்பாற்றவேண்டி மற்ற ஆட்டங்கள் 27, 28-க்குப் போயின. இடைவேளையும் இல்லை, பண்டிகை ஆட்டமும் இல்லை என்ற இடத்தில் அன்று நின்றோம். கீழ் டிவிஷன்களில் மட்டும் வழக்கம்போல அன்று மத்தியானம் கேட் திறந்தது.